எடை குறையவில்லை என்பது மட்டும் போதாது

கீமோவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எடை பார்ப்பார்கள். 'குறையவில்லை' என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியைக் கெடுக்க மனமில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். உடம்பில் தசை கரைந்து, அந்த அளவுக்குக் கொழுப்போ நீரோ சேர்ந்திருந்தால் எடை அப்படியேதான் இருக்கும்.

உணவுக்குழாய், இரைப்பை, கணையப் புற்றுநோய்களில் பலருக்கு முதலில் கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன். கட்டி சுருங்கும் அதே வாரங்களில் தசையும் குறையலாம். பசி போய்விடுகிறது, அசதியில் படுத்தே கிடக்கிறோம், நோய் உண்டாக்கும் அழற்சியும் தசையை அரிக்கிறது. குமட்டலுக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துக்குக்கூட இதில் பங்கு இருக்கலாம்.

ஆபரேஷன் முடிந்த உடம்பு, காயம் ஆறவும் கிருமியை எதிர்க்கவும் தேவையான புரதத்தைத் தசையிலிருந்துதான் எடுக்கிறது. சளியை இருமித் துப்பவே தசை பலம் வேண்டும். அது இல்லாதவருக்கு நிமோனியா எளிதில் வருகிறது, மருத்துவமனை நாட்கள் நீளுகின்றன, ஆபரேஷனுக்குப் பிறகு தர வேண்டிய மிச்சக் கீமோவைத் தொடங்கவே தெம்பு இருப்பதில்லை.

பருமனாக இருந்து தசை மட்டும் குறைந்தவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அறுவை சிகிச்சையையும் கடினமாக்கும். கீமோ மருந்துகள் பலவற்றின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்தே கணக்கிடுவதால், தசை குறைந்த இவர்களுக்கு மருந்து அளவு மிஞ்சிப்போய்ப் பக்கவிளைவும் கூடுதலாக வரக்கூடும்.

தசை குறைவதைக் கண்டுபிடிக்கப் புதுப் பரிசோதனை எதுவும் வேண்டாம் என்பதுதான் என் ஆதங்கம். கீமோவுக்கு முன்னும் பின்னும் எடுத்த சி.டி. ஸ்கேன் கையிலேயே இருக்கிறது. அதில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்துப் படம் ஒன்றே உடம்பு முழுவதன் தசையளவை ஓரளவு சொல்லிவிடும். ஆனால் ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு மில்லிமீட்டரில் இருக்கும், தசையைப் பற்றி பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. எவ்வளவு குறைந்தால் ஆபத்து என்பதற்கு எல்லோரும் ஏற்கும் ஒரே எல்லை இல்லை, சரி. இரண்டு ஸ்கேனையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அது தடையா என்ன?

கீமோ நடக்கும் மாதங்களை ஆபரேஷனுக்கு உடம்பைத் தயார்படுத்தும் காலமாகவும் நடத்த வேண்டும். நடைப்பயிற்சியோடு தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் முதல் சுற்றிலிருந்தே தொடங்க வேண்டும். புரதத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை என்கிறது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் இந்த அளவுக்குப் போக வேண்டாம்.