பேஸ்ட் தடவ பத்து வினாடி, தண்ணீருக்கு இருபது நிமிஷம்

சுட்ட கையோடு எங்கள் ஆஸ்பத்திரி டிரஸ்ஸிங் ரூமுக்குள் நுழைகிறவர்களைப் பார்த்தே அவர்கள் வீட்டில் என்ன டூத்பேஸ்ட் வாங்குகிறார்கள் என்று நாங்கள் சொல்லிவிடுவோம். வெள்ளையா, பச்சை ஜெல்லா, கிராம்பு வாசனையா. சில கைகளில் இட்லி மாவு, சிலவற்றில் காபித்தூள், மஞ்சள். ஒரு காலத்தில் பேனா மையும் வரும். இப்போது வருவதில்லை. விழிப்புணர்வு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், வீடுகளில் மைக்கூடு இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

பூசியதை எடுக்கிற வேலை எங்களுடையது. காய்ந்து தோலோடு இறுகியிருக்கும். சலைனை ஊற்றி ஊறவைத்து, காஸ் துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். எவ்வளவு மெதுவாகச் செய்தாலும் சில இடங்களில் கொப்புளத்தின் தோலும் சேர்ந்தே வந்துவிடும். சுட்டபோது அழாதவர்கள்கூட அப்போது அழுதுவிடுவார்கள். அதை முழுக்க எடுக்கும்வரை காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டராலும் சொல்ல முடியாது.

"படிச்சவங்கதானே, இப்படிப் பூசிட்டு வரலாமா?" என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "தண்ணியில காட்டணும்னு தெரியும் சிஸ்டர். அடுப்புல தோசை இருந்துச்சு."

இந்தப் பதிலை நாம் யாரும் சரியாகக் காதில் வாங்குவதில்லை என்பதுதான் என் வருத்தம். தீக்காயம் பற்றிய ஒவ்வொரு விழிப்புணர்வு நோட்டீஸும் எதைப் பூசக்கூடாது என்று பட்டியல் போடுகிறது. ஆனால் தீக்காயத்துக்கு முதல் மருந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம். காலை ஏழரை மணிக்கு, ஸ்கூல் வேன் வரும் நேரத்தில், ஒரு பெண் சமையலை விட்டுவிட்டு இருபது நிமிஷம் குழாயடியில் நிற்க எந்த வீடு விடுகிறது? பேஸ்ட் தடவ பத்து வினாடி போதும். தடவிவிட்டு அடுத்த தோசையை ஊற்றலாம். அதனால்தான் பேஸ்ட் ஜெயிக்கிறது. அதே வீட்டில் பையன் காலில் பைக் சைலன்சர் சுட்டால் நாலு பேர் ஓடிவருவதையும் பார்த்திருக்கிறேன்.

ஏன் இருபது நிமிஷம்? அடுப்பை அணைத்த பிறகும் குக்கருக்குள் சோறு வெந்துகொண்டுதான் இருக்கும். தோலும் அப்படித்தான். சூடான பாத்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாலும் உள்ளே இறங்கிய சூடு அடியில் இருக்கும் திசுக்களைச் சுட்டுக்கொண்டே போகும். தண்ணீர் அந்தச் சூட்டை வெளியே இழுக்கிறது. காயமும் ஆழமாகாது, வலியும் குறையும். உடனே முடியாவிட்டாலும் சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பேஸ்ட்டோ மாவோ செய்வது இதற்கு நேர் எதிர், சூட்டை உள்ளேயே மூடி வைக்கிறது. ஐஸும் வேண்டாம், ரத்தக்குழாய்கள் சுருங்கிக் காயம் மோசமாகும். சாதாரணக் குழாய்த் தண்ணீர்தான் சரி. ஆனால் சித்திரை மாத மத்தியானத்தில் மாடி டேங்க் தண்ணீரே கொதிக்கும், அப்போது குடத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றுங்கள். வளையல், மோதிரத்தை முதலிலேயே கழற்றிவிடுங்கள். விரல் வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். குழந்தையென்றால் சுட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைத் துணியால் போர்த்துங்கள், குளிரில் நடுங்கிவிடும்.

பிறகு பூசுவதைவிட மூடுவதுதான் முக்கியம். கொப்புளத்தை உடைக்காமல், சப்பாத்தி சுற்றி வைக்கிற பிளாஸ்டிக் தாளையோ ஈரமான சுத்தமான பருத்தித் துணியையோ மேலே தளர்வாகப் போடலாம். பஞ்சு வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். தீக்காயக்காரர்களை வாழையிலையில் கிடத்தும் வழக்கத்தைக் கேலி செய்கிறார்கள். இலை புண்ணோடு ஒட்டாது, ஈரத்தைக் காக்கும். அதில் உள்ள விஷயம் அதுதான். 1980களில் மும்பை டாக்டர்கள் உருளைக்கிழங்குத் தோலைக் கொதிக்கவைத்துச் சுத்திகரித்துக் கட்டாகப் போட்டுப் பார்த்தார்கள். வாழையிலையையும் அப்படிச் சுத்திகரித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சமையலறையில் தேய்க்கிற பச்சை உருளைக்கிழங்கு வேறு. மருத்துவத்துக்கென்று சுத்திகரித்த தேனுக்கும் அலமாரியில் எறும்பு மொய்க்கிற தேன் பாட்டிலுக்கும் அதே வித்தியாசம்தான்.

மற்றக் காயங்களிலும் நமக்குப் பஞ்சம் நிமிஷங்களுக்குத்தான். அரிவாள்மனையில் விரல் அறுந்தால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நாம் நிமிஷத்துக்கு ஒரு தரம் துணியைத் தூக்கி, நின்றுவிட்டதா என்று பார்ப்போம், அது மறுபடி பொங்கும், உடனே காபித்தூள் டப்பா இறங்கும். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும், அதன்பின் ஊசிக்கு ஓட வேண்டும். கழுவுவதால் ஊசி வேண்டாமென்று ஆகாது. இதற்கும் நம்மிடம் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் தயாராக இருக்கிறது! எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது.

டி.டி. ஊசிக்கும் (டெட்டனஸ் தடுப்பூசி) துருவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, புது ஆணி குத்தினாலும் வரலாம். சுத்தமான சின்னக் காயமென்றால் கடைசி ஊசி பத்து வருடத்துக்குள் போட்டிருக்க வேண்டும், மண் பட்ட காயமென்றால் ஐந்து வருடம். அதேபோல, சீழ் வைக்கும் என்று முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுகிறார்கள். புதுத்தோல் வளரப் புரதம் வேண்டும். புண் ஆற வேண்டிய நேரத்தில் ரசம் சாதம் மட்டும் போடுவது என்ன நியாயம்?

"நாங்க பேஸ்ட் வெச்சுத்தான் ஆறிச்சு" என்று கமென்ட் வரும். மேல்தோல் மட்டும் சிவந்த காயம் எதைப் பூசினாலும், பூசாவிட்டாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

ஆனால் காயம் பட்டவரின் உள்ளங்கையைவிட அது பெரிதாக இருந்தால், முகம், விரல் மூட்டு, பாதம், மறைவிடம் என்றால், கரண்ட்டோ ஆசிட்டோ பட்டது என்றால், சுட்ட இடம் வெள்ளையாகவோ கருப்பாகவோ வலியே இல்லாமல் இருந்தால், கைக்குழந்தை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: மத்தியானக் கோயில் கல்தரையில் சுட்டதும் வெந்நீர் ஒத்தடத்தில் வெந்ததும் உங்கள் பாதத்துக்கே தெரியாமல் போகலாம். ராத்திரி பதினோரு மணி என்றாலும் தயங்காமல் வாருங்கள். கொஞ்சம் திட்டுவோம், ஆனால் கட்டுப் போடாமல் அனுப்ப மாட்டோம்.