ஹேண்ட்பாலை மெதுவாக ஓட்டிக் காட்டாதீர்கள்

கால்பந்தில் ஆஃப்சைடுக்கு வீஏஆர் வரட்டும், அதாவது வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை. பந்து கோட்டைத் தாண்டியதா என்று பார்க்கக் கேமரா வரட்டும். எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஹேண்ட்பாலை, அதாவது பந்து கையில் பட்ட விவகாரத்தை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் பழக்கம் ஒழிய வேண்டும். மலேசியாவில் எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை மாமாக் சாப்பாட்டுக் கடையில் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். இங்கே எழுதினால் முடிக்கும்வரை குறுக்கே பேச ஆளில்லை.

எங்கள் கடைக் கூட்டம் எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செம்பனை ஆலையில் ஷிஃப்ட் முடித்து வரும் பையன்கள், லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், ஓய்வு பெற்ற தோட்டப் பள்ளி வாத்தியார், அப்புறம் என்னைப் போல வீட்டில் தூக்கம் வராதவர்கள். பாதிப் பேர் மென்செஸ்டர் யுனைடெட், மீதிப் பேர் லிவர்பூல். லீக்கில் எல்லாருக்கும் பெரிய அணிதான் வேண்டும். கிண்ணம் என்று வந்துவிட்டால் எல்லாரும் ஏழைப் பங்காளன். 2013 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் வீகன், கடைசி நேர ஒரே கோலில் மென்செஸ்டர் சிட்டியைச் சாய்த்ததும், மூன்றே நாளில் லீக்கிலிருந்து கீழே இறங்கியதும் இன்னும் கடையில் ஓடும் கதை. 2017இல் லீக்கிலேயே இல்லாத லிங்கன் சிட்டி, பிரிமியர் லீக்கில் இருந்த பர்ன்லியை அதன் சொந்தத் திடலிலேயே கவிழ்த்ததும் அப்படித்தான்.

கவிழ்வது நம் அணியாக இருந்தால் மட்டும் கதை வேறு. 2025 ஆகஸ்டில் நான்காம் நிலை கிரிம்ஸ்பி, பினால்டியில் 12–11 என்று யுனைடெட்டை வெளியே அனுப்பியது. அடுத்த இரவு லோரி அண்ணன் கடைப் பக்கமே வரவில்லை.

என் வாதத்துக்கு வலு சேர்ப்பது 2024 ஏப்ரலில் நடந்த எஃப்.ஏ. கிண்ண அரையிறுதி. இரண்டாம் நிலை கொவென்ட்ரி, யுனைடெட்டிடம் எழுபதாவது நிமிடம்வரை 0–3. பிறகு இரண்டு கோல் போட்டு, காயநேரத்தில் யுனைடெட்டின் வான்-பிசாக்கா கையில் பந்து பட்டதற்குக் கிடைத்த பினால்டியில் 3–3 ஆக்கிவிட்டது. கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில் கொவென்ட்ரியின் டோர்ப் நான்காவது கோலையும் அடித்தார். கடையில் நாற்காலி பறந்தது. வீஏஆர் கோடு போட்டுப் பார்த்து, அதே அணியின் ஹாஜி ரைட்டின் பூட் நுனி தடுப்பாளரைத் தாண்டிவிட்டது, ஆஃப்சைடு என்று கோலை ரத்துச் செய்தது. அப்புறம் பினால்டியில் யுனைடெட் தப்பியது, கிண்ணத்தையும் தூக்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கால் நுனி ஆஃப்சைடைப் பற்றி இப்போது எங்கள் கடையில் சண்டை கிடையாது. வயிற்றெரிச்சல் உண்டு, சண்டை இல்லை. "கோடு கோடுதான் தம்பி" என்று அண்ணன் முடித்துவிட்டார், லிவர்பூல்காரர்களும் தலையாட்டிவிட்டார்கள். ஆனால் வான்-பிசாக்கா கை? இன்றைக்கு எடுத்தாலும் விடியும்வரை போகும். "பந்து வந்து பட்டுச்சு, அவன் எங்க தொட்டான்?" என்பார் அதே அண்ணன். ஆஃப்சைடு அளக்கிற காரியம். கை விவகாரம் அப்படியில்லை: கை அங்கே போனது இயல்பா, உடலைப் பெரிதாக்கிக் காட்டினாரா என்று ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் அசைவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். குதிப்பவன் கையை வீசாமல் குதிக்க முடியாது. அந்த வீச்சைப் பத்து மடங்கு மெதுவாக்கி, பந்து பட்ட இடத்தில் நிறுத்தியும் வைத்தால், எவன் கையும் வேண்டுமென்றே நீட்டிய கையாகத்தான் தெரியும்.

நான் யுனைடெட் ஆள். 2019 மார்ச்சில் பாரிஸில் பிஎஸ்ஜி அணியோடு நடந்ததை மறக்க முடியுமா? சொந்தத் திடலில் 0–2 என்று தோற்று, அங்கே போய் 2–1 முன்னிலை, இன்னும் ஒரு கோல் வேண்டும். இங்கே பொழுது புலரப் போகிறது, பெரட்டுக்கு (தோட்டத்துக் காலைப் பேர்ப்பதிவுக்கு) கிளம்புகிறவர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கடை வாசலிலேயே நின்று பார்க்கிறார்கள். எங்கள் டாலோட் அடித்த பந்து பிஎஸ்ஜியின் கிம்பெம்பே கையில் பட்டு வெளியே போனது. அவர் குதித்து முதுகைத் திருப்பியிருந்தார், பந்தைப் பார்க்கவே இல்லை. நடுவர் ஸ்கொமினா முதலில் கார்னர்தான் கொடுத்தார். பிறகு திரைக்குப் போய்ப் பார்த்து வந்து பினால்டி என்றார். ரேஷ்ஃபோர்ட் அடித்தார், நாங்கள் கத்தியதில் பசார் நாய்கள் எல்லாம் குரைத்தன. சந்தோஷம்தான். ஆனாலும் அது பினால்டி என்று நெஞ்சில் கைவைத்து இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், வீஏஆர் நெறிமுறையே என் பக்கம்தான். பந்து எங்கே பட்டது என்று பார்க்க மெதுவாக ஓட்டலாம். அது குற்றமா என்று முடிவு செய்ய இயல்பான வேகத்தில் பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எழுதி என்ன செய்ய? திரையில் மெதுவான படத்தையும் பார்த்துவிட்ட நடுவர் அதை மனதிலிருந்து எப்படி அழிப்பார்? நாமும் தொலைக்காட்சியில் உறைந்த படத்தை வைத்துக்கொண்டுதான் மல்லுக்கட்டுகிறோம்.

எங்கள் தோட்டத் திடலில் தீபாவளிக்கு முன்பு ஏழு பேர் ஆட்டம் நடக்கும். முன்னாள் மண்டோர் (தோட்டக் கங்காணி) ஒருவர்தான் நடுவர். செம்மண் அப்பிய பந்து ஒரு பையனின் முழங்கையில் பட்டுத் தெறித்தது, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் விசில். "தெரியாம பட்டுச்சு மாமா!" என்றான். "தெரிஞ்சு பட்டிருந்தா வெளிய அனுப்பியிருப்பேன். இப்ப ஃப்ரீ கிக்தான், தள்ளி நில்லு." அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தின்படி அது சரியா என்று வாத்தியாருக்குச் சந்தேகம் உண்டு. ஆட்டம் நிற்கவில்லை.

ஆலைப் பையன் ஒருவன் விடமாட்டான்: "அண்ணே, சின்ன அணிக்கு வீஏஆர்தான் துணை. கொரியா ஆட்டத்தை மறந்துட்டீங்களா?" மறப்பேனா? 2024 தைப்பூசத்தன்று இரவு. பத்துமலையிலிருந்து திரும்பும் வழியில், காடிக்குள் ஒரே கைத்தொலைபேசியில் நான்கு தலைகள். ஏற்கெனவே ஆசியக் கிண்ணத்திலிருந்து வெளியேறிவிட்ட மலேசியா, கொரியாவோடு 3–3. வீஏஆர் பார்த்துக் கொடுத்த பினால்டியை அரிஃப் ஐமான் அடித்தார். ரோமெல் மொராலெஸ் 105ஆவது நிமிடத்தில் சமன் செய்தார். ஆனால் தம்பி, அது காலை வாரிய பினால்டி. கால் பட்டதா இல்லையா என்பது கண்ணால் கண்டு சொல்கிற விஷயம். அங்கே கேமரா வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்?

2025 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில், சிட்டிக்கு எதிராக, கிரிஸ்டல் பேலஸ் கோல்காவலர் ஹெண்டர்சன் பினால்டி கட்டத்துக்கு வெளியே பந்தைக் கையால் தட்டினார். எல்லாரும் பார்த்தோம். சிட்டியின் ஹாலண்ட் கோலை விட்டு விலகித்தான் ஓடினார் என்று சிவப்பு அட்டை இல்லை என்றார்கள். சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃப்ரீ கிக்கும் இல்லை! கோல், பினால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம், இந்த நான்குக்குத்தான் அப்போது வீஏஆர் வாய் திறக்கலாம். அப்புறம் அதே ஹெண்டர்சன் மர்மூஷின் பினால்டியையும் தடுத்து, பேலஸ் 1–0 என்று முதல் பெரிய கிண்ணத்தை வாங்கியது. சின்ன அணி ஜெயித்ததில் எனக்குக் குஷிதான். சிட்டிக்காரனாக இருந்திருந்தால் தொலைக்காட்சியை உடைத்திருப்பேன்.

நான் கேட்பது இவ்வளவுதான்: ஹேண்ட்பாலுக்கு நடுவரை அழைத்தால் ஓடும் வேகத்தில் இரண்டு கோணம் மட்டும் காட்டுங்கள், படத்தை நிறுத்தாதீர்கள். அதில் தெளியாவிட்டால் திடலில் சொன்னதே தீர்ப்பு.

லிவர்பூல் நண்பர்கள் 2019 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பந்து பட்ட டோட்டன்ஹம் சிசோக்கோ கையை இழுத்துக்கொண்டு வருவீர்கள், தெரியும். முதல் நிமிடம்கூட முடியாத நேரம். நடுவர் அதே ஸ்கொமினாதான். இம்முறை திரைக்கு ஓடாமல், நேரில் பார்த்து அங்கேயே ஊதினார். அது பினால்டியா என்று வேண்டுமானால் கீழே சண்டை போடுவோம், நான் தயார்.