மூன்று நாள் தண்ணீர் வராது என்பதை எனக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

செவ்வாய்க்கிழமை காலை 5.30 மணிக்குக் குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் விடுவார்கள் என்பதால், முறை மாறியிருக்கும் என்று எண்ணி மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்து திறந்தேன். மறுபடியும் காற்று. வியாழக்கிழமை மாடித் தொட்டியின் அடிமட்டம் கண்ணில் பட்ட பிறகுதான், இது முறை மாற்றம் இல்லை, ஊரில் வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று உறைத்தது. அது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது.

முதலில் நாளிதழைப் பிரித்தேன். எங்கள் மாவட்டத்துக்கென்று இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றில் ஒரு கும்பாபிஷேகம், ஒரு கட்சிக் கூட்டம், புறவழிச்சாலையில் ஒரு விபத்து, சால்வையோடு நிற்கும் ஐந்து பிரமுகர்கள் ஆகியவை இருந்தன. குடிநீர் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் அதே நாளிதழின் வேறொரு பக்கத்தில், செம்பரம்பாக்கம் ஏரியின் அன்றைய நீர்மட்டம் அச்சாகியிருந்தது. அந்த ஏரியின் முழு உயரம் 24 அடி என்பது எனக்கு மனப்பாடம், ஏனென்றால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தொலைக்காட்சி அதை மணிக்கொரு தரம் சொல்கிறது. அதன் தண்ணீரில் ஒரு சொட்டுகூட நான் குடித்ததில்லை. என் வீட்டுக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டி எந்தத் தெருவில் நிற்கிறது, அது எத்தனை லிட்டர் கொள்ளும், அதற்கு எங்கிருந்து குழாய் வருகிறது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. 20 ஆண்டுகளாக இதே ஊரில் நாளிதழ் வாங்கிப் படிக்கும் ஒருவனுக்கு இது தெரியவில்லை என்றால், குறை என்னிடம் மட்டுமா இருக்கிறது?

பிறகு எங்கள் வார்டின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "எங்களுக்கும் வரவில்லை" என்று பதினோரு பேர் எழுதினார்கள். பன்னிரண்டாவதாக ஒருவர், "ஒரு வாரம் குடிநீர் நிறுத்தம்" என்ற நாளிதழ் நறுக்கு ஒன்றை அனுப்பினார். அதில் ஊர்ப் பெயரும் தேதியும் வெட்டப்பட்டிருந்தன. அடுத்த அரை மணி நேரத்தில் தெருவில் தண்ணீர் கேன்கள் தீர்ந்துபோயின. அது வேறு மாவட்டத்தின் பழைய செய்தி என்று மாலையில்தான் தெரிந்தது. வார்டு உறுப்பினரைத் தொலைபேசியில் அழைத்தேன். உதவியாளர் எடுத்து, "அண்ணன் கூட்டத்தில் இருக்கிறார்" என்றார். அலுவலகத்துக்கே போனேன். அங்கே கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டிய அறிவிப்புப் பலகையில் சென்ற ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு மஞ்சளாகிக் கிடந்தது. உள்ளே இருந்தவர், "பேப்பருக்குக் கொடுத்துவிட்டோமே சார்" என்றார். எந்த நாளிதழ், என்றைக்கு என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு நிருபரைத் தேநீர்க் கடையில் பிடித்தேன். பிரதானக் குழாயை மாற்றும் வேலைக்காக மூன்று நாள் விநியோகம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு, திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு மேல்தான் அவருக்கு வந்ததாம். மாவட்டப் பக்கத்தில் அப்போது இடமில்லை. ஜவுளிக்கடை விளம்பரம் அரைப் பக்கத்தை எடுத்திருந்தது. அவர் மாதச் சம்பளக்காரர் அல்லர். அச்சாகும் செய்திக்கு இவ்வளவு என்று சிறு தொகை பெறுபவர், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விளம்பரம் பிடித்துத் தரவும் வேண்டியவர். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வாரம் முன்பே முடிவான வேலையை முந்தைய இரவு வரை கையில் வைத்திருந்தவர்கள்மீதுதான் வருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. யாரும் மனுப் போட்டுக் கேட்காமலேயே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டிய தகவல்களை அதன் நான்காம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. எங்களுக்கோ குழாய் வறண்ட பிறகு அலைந்து கேட்டாலும் கிடைப்பதில்லை.

தண்ணீர் மட்டும் இப்படி என்றால் பொறுத்துக்கொள்வேன். உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று 2022-இல் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபைபோல நகரத்தாரும் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம் என்று மகிழ்ந்தவன் நான். எங்கள் பகுதியில் அப்படியொரு கூட்டம் நடந்ததை, அது முடிந்து இரண்டு நாள் கழித்து வந்த புகைப்படத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022-இல் தமிழக அரசு உத்தரவிட்டது முழுக்கச் சரி. ஒரு சமூகத்தாரின் தோளில் பறையை மாட்டி ஊருக்குச் செய்தி சொல்ல வைத்த இழிவு ஒழியத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பதிலாக வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று அப்போதே சொல்லப்பட்டது. எங்கள் தெருவுக்கு உப்பு வண்டியும் பழைய இரும்பு வாங்குபவரும் ஒலிபெருக்கியோடு நாள் தவறாமல் வருகிறார்கள். மூன்று நாள் தண்ணீர் வராது என்று சொல்ல ஓர் ஆட்டோ வரவில்லை. ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாளை ஒட்டியிருந்தால்கூடப் போதுமே!

பக்கத்து வீட்டு அக்கா நான்கு வீடுகளில் வேலை செய்பவர். கேன் வாங்கக் கட்டுப்படியாகாமல் மூன்று நாளும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் அடிபம்பிலிருந்து குடம் சுமந்தார். வெள்ளிக்கிழமை காலை குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்தபோது, செய்தியைச் சொல்ல அவரிடம் போனேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் கேட்டார்: "நீங்கதான் தினமும் பேப்பர் படிக்கிறீங்களே தம்பி, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"