அட்டையில் காலியாக இருந்த கட்டம்

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தடுப்பூசியின் பிந்தைய தவணைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது முற்றிலும் உண்மை. 6, 10, 14 வாரங்களில் தவறாமல் போகிறோம், ஒன்றரை வயதுக்கும் எப்படியோ போய்விடுகிறோம். அப்புறம் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்ததும் தடுப்பூசி அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது.

என் அக்கா மகளுக்கு 5 வயது ஊசிக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்ததை ஆறரை வயதில்தான் பார்த்தோம். பதறிப்போய் அடுத்த புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டோம். ஒரு நாள் காய்ச்சல், கொஞ்சம் கை வீக்கம், அவ்வளவுதான்.

தொண்டை அடைப்பான் கிருமி தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படரவிட்டு மூச்சை அடைக்கும். அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கும். திசுக்களில் நஞ்சு ஏறிய பிறகு முறிமருந்து கொடுத்தாலும் அந்தச் சேதத்தை மாற்ற முடியாது. 10, 16 வயதிலும் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி உண்டு, அதையும் கேட்டுப் போடுங்கள்.