கிளினிக் பெஞ்சில் அந்தக் கேள்வி வேண்டாம்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்காரர்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து ஊர்தான். 1911ஆம் ஆண்டிலிருந்து அங்கே மனநல மருத்துவமனை இயங்குகிறது. இன்று அதற்கு உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என்று பெயர். எத்தனையோ பேர் தேறி வீடு திரும்பிய இடம். நம் தோட்டங்களிலோ அந்த ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் ஏசுகிறார்கள். இதைக் கேட்டு வளரும் பிள்ளை, நாளைக்குத் தனக்கு மனம் சரியில்லை என்றால் யாரிடம் வாய் திறக்கும்?

தூக்கம் போய்விட்டது, சோறு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் நம் வீடுகளில் முதலில் கோயிலுக்குத்தான் அழைத்துப் போகிறோம். அதில் எனக்கு வருத்தமில்லை. திருநீறு பூசிக்கொண்டால் நெஞ்சுக்கு ஆறுதல் உண்டு. ஆனால் மந்திரித்த கயிறு கட்டிய கையோடு அரசாங்க கிளினிக்குக்கும் போகலாமே! இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மருந்து வாங்கும் அதே கிளினிக்தான், கட்டணமும் அதே ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). மனச்சோர்வு இருக்கிறதா என்று அங்கேயே கேள்விகள் கேட்டுப் பார்ப்பார்கள். தேவையென்றால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

போகவிடாமல் தடுப்பது பணமல்ல, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாம். "நீ எதற்கு இங்கே வந்தாய்?" என்று அக்கறையாகத்தான் கேட்கிறோம். சாயங்காலத்துக்குள் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கும் எட்டிவிடுகிறது. இதற்குப் பயந்தே தாய்மார் மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டி அழுகிறார்கள். அந்தத் தாயிடம் போய்த் தைரியமாக இரு என்று சொல்வது எனக்குக் கொடுமையாகப் படுகிறது. மாறவேண்டியவள் அவளா?

2023இல் நாடு தழுவி எடுத்த சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. நம் லயங்கள் மட்டும் அதற்கு விலக்கா? தற்கொலைக்கு முயன்றவரைச் சிறைக்கு அனுப்ப இடம் தந்த, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவையும் அதே ஆண்டில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. உயிர் பிழைத்தவர் போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஊருக்குத்தான் இன்னும் பயப்படுகிறார்.

அண்ணன்மாரே, அக்காமாரே, கிளினிக்கில் தெரிந்த முகத்தைப் பார்த்தால் நலம் விசாரியுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். கோயில் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 15555 என்பது சுகாதார அமைச்சின் மனநல உதவி எண். கிளினிக் வரை போகத் தயங்குகிறவர்களும் அதில் கூப்பிட்டுப் பேசலாம். திருவிழா அறிவிப்பு ஒட்டும் பலகையில் அதற்கும் ஓர் இடம் கொடுங்கள். அச்சடிக்கும் செலவை நான் ஏற்கிறேன்.