லே-ஆஃப் நேரத்தில் நோயைச் சொல்லலாமா?

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "டாக்டர் லெட்டர் கொடுத்திருக்கார். வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்கலாமா? இல்லை, இந்த நேரத்துல கேட்டா லே-ஆஃப் லிஸ்ட்ல முதல் பேரா போயிடுமா?" முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆனவர், கீமோ முடித்தவர், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை டாய்லெட்டுக்கு ஓட வேண்டிய குடல் நோய்க்காரர் என்று எல்லாரிடமும் இதே கேள்விதான்.

இவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையும் ஒன்றே: "வாயைத் திறக்காதே, பல்லைக் கடிச்சுட்டு ஆபீஸ் போ, காத்து அடங்கட்டும்." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சொல்லிவிடுவதுதான் நல்லது. அதுவும் எழுத்தில், லிஸ்ட் தயாராவதற்கு ரொம்ப முன்பே.

லிஸ்ட் எப்படித் தயாராகிறது என்று யோசித்துப் பாருங்கள். யாரும் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்ப்பதில்லை. ரேட்டிங், பில்லிங் (கிளையன்ட்டிடம் காசு வாங்கித் தரும் வேலை), பெஞ்சில் (புராஜெக்ட் இல்லாமல்) இருந்த நாட்கள், ஸ்கில், சம்பளம், இப்போது கூடவே ஸ்வைப் கணக்கு (ஆபீஸ் வாசலில் கார்டு தேய்த்த நாட்கள்). டிசிஎஸ் 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் என்றது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சில் மாதத்துக்குக் குறைந்தது 10 நாள் என்றது. அதே 2025 ஜூனில் டிசிஎஸ்ஸில் வருஷத்துக்கு 225 பில்லிங் நாள், பெஞ்ச் அதிகபட்சம் 35 நாள் என்ற விதி வந்தது. அடுத்த மாதமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். இந்தக் கணக்குகளில் உங்கள் நோய்க்கென்று ஒரு கட்டம் கிடையாது.

ஆனால் மறைத்த நோயும் அங்கே பதிவாகத்தான் செய்கிறது, வேறு பெயரில். ஆஸ்பத்திரிக்குப் போன நாள் ஸ்வைப் குறைவாக விழுகிறது. வலி மாத்திரை போட்டுத் தூங்கிய இரவு, ரிலீஸ் நேரத்து ஃபோன் மீட்டிங்கில் ஆள் இல்லை என்று விழுகிறது. டிராவல் முடியாது என்று நழுவியது 'ஃப்ளெக்சிபிள் இல்லை' என்று அப்ரைசலில் விழுகிறது. பெயர் தெரியாத எவரோ ஒருவர் எக்செல் ஷீட்டைப் பார்க்கும்போது, நீங்கள் நோயாளியாக இல்லை, வேலையில் அக்கறை இல்லாதவராக இருக்கிறீர்கள்.

இதைவிட ஆபத்து, நல்ல மேனேஜர் வாய்வார்த்தையாகக் கொடுக்கும் அனுமதி. "நீங்க வீட்லருந்தே பாருங்க, நான் பாத்துக்கறேன்." மனிதர் உண்மையிலேயே நல்லவராக இருப்பார். ஆனால் லே-ஆஃப் அலையில் பல நேரம் அவருடைய நாற்காலிதான் முதலில் போகும், நடுத்தட்டில் சம்பளம் அதிகம் என்பதால். புதிதாக வருகிறவர் கையில் இருப்பது ஆறு மாத ஸ்வைப் கணக்கு மட்டும். உங்களுக்கு அனுமதி இருந்தது என்பதற்கு சாட்சி வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் எமோஜி.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'ரீசனபிள் அக்காமடேஷன்' வருகிறது. நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமை இல்லாத வரை, தேவையான மாற்றத்தைச் செய்து தருவது. அதை மறுப்பதையே பாகுபாடு என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும், தனியார் உட்பட, சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்பது 21-ஆவது பிரிவு. உங்கள் கம்பெனியின் இன்ட்ராநெட்டில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும், தேடிப் படியுங்கள்.

ஆனால் ஓட்டைகளும் பெரிசு. அரசு ஊழியர் ஒருவருக்கு சர்வீஸில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பார்க்க முடியாத வேலை என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது 20-ஆவது பிரிவு. தனியார் ஊழியருக்கு இவ்வளவு தெளிவான காப்பு இல்லை. அப்புறம், சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ், பார்க்கின்சன், ஹீமோஃபீலியா, மனநோய் எல்லாம் உண்டு. புற்றுநோயும் டயாலிசிஸில் இருக்கும் சிறுநீரக நோயும் தனியாக இல்லை. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு கோடிங் செய்கிறவரிடம் "யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இருக்கா?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

இந்த இடத்தில் 2021-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த விகாஷ் குமார் தீர்ப்பு உதவும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒருவர் யுபிஎஸ்சி தேர்வுக்கு உதவி எழுத்தர் கேட்டார். ஊனம் 40 சதவீதம் என்ற அளவைத் தொட்டிருந்தால்தான் வசதி என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அது தேர்வு பற்றிய வழக்கு, ஐடி கம்பெனி பற்றியதில்லை என்று ஹெச்ஆர் சொல்லலாம். சொல்லட்டும். மெயிலில் அந்தத் தீர்ப்பின் பெயர் இருந்தால் பதில் எழுதுகிறவர் கொஞ்சம் யோசித்து எழுதுவார்.

கேட்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "எனக்கு உடம்பு சரியில்லை, நிரந்தரமாக வொர்க் ஃப்ரம் ஹோம் வேண்டும்" என்று எழுதினால் அது சலுகை கேட்பதாக நிற்கும். "தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்யக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், மூன்று மாதத்துக்கு வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வேண்டும், என் வேலை நேரமும் டெலிவரியும் மாறாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்பது வேறு ரகம். நோயின் பெயரையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் டீம் முழுக்க இருக்கும் மெயிலில் போட வேண்டியதில்லை. என்ன முடியும், என்ன முடியாது என்பது மேனேஜருக்கு. ரிப்போர்ட் ஹெச்ஆருக்கோ கம்பெனி டாக்டருக்கோ, அதுவும் கேட்டால். மன அழுத்தம், பதற்றம் போன்றவற்றில் நான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வேன். நம் ஆபீஸ்களில் அந்த வார்த்தை ஒரு முறை வெளியே போனால் எல்லா மீட்டிங்கிலும் கூடவே வந்து உட்காரும்.

கேட்டதாலேயே பெயர் லிஸ்டில் ஏறுமா? சில இடங்களில் ஏறும். ஆனால் மார்ச்சில் மெயில் போட்டு, அப்ரைசலில் நல்ல ரேட்டிங் வாங்கி, ஆகஸ்டில் பெயர் வந்தால், எதனால் என்று கேட்க உங்களிடம் தேதி இருக்கிறது. ஹெச்ஆர் மீட்டிங் இன்வைட் வந்த பிறகு டாக்டர் லெட்டரை நீட்டினால் அதற்குப் பெரிய மதிப்பில்லை. அந்தக் கட்டத்தில் பேச வேண்டியது வேறு.

முதலாவது, ராஜினாமா. "நீங்களே எழுதிக் கொடுத்துட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும்" என்பார்கள். சென்னையில் 2015 ஜனவரியில் டிசிஎஸ் வேலையை விட்டு நீக்கிய ஒரு கர்ப்பிணிப் பெண் சென்னை உயர் நீதிமன்றம் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது, நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அவரிடம் எதிர்த்துப் போக ஓர் உத்தரவு இருந்தது. ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தால் எதை எதிர்த்துப் போவது? கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால், தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்கு ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அந்த அறையில் வைத்தே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "வீட்டில் பேசிவிட்டு நாளை வருகிறேன்" என்று எழுந்து வாருங்கள்.

இரண்டாவது, இன்ஷூரன்ஸ். நோயாளிக்கு சம்பளத்தைவிட இதுதான் பெரிய அடி, ஆனால் வெளியே போகும்போது தரும் பணத்தைப் பேசும்போது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. வேலை போனால் கம்பெனி எடுத்துத் தந்த குரூப் பாலிசியும் போகும். புதிதாகத் தனி பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். (2024 வரை அது நான்கு ஆண்டு.) அதனால் கடைசி வேலை நாளுக்கு முன்பே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசிக்கு மாற முடியுமா, குரூப் பாலிசியில் இருந்த வருஷங்களைக் காத்திருப்பில் கழிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். குரூப் கவரை இன்னும் சில மாதம் நீட்டித் தரச் சொல்லி ஹெச்ஆரிடமும் கேளுங்கள். கூடுதலாக ஒரு மாதச் சம்பளம் கேட்பதைவிட இதற்குச் சம்மதிப்பது அவர்களுக்குச் சுலபம்.

டாக்டர் லெட்டர், நீங்கள் அனுப்பிய கோரிக்கை, அதற்கு வந்த பதில், மூன்றுக்கும் ஒரு பிரின்ட் எடுத்து வீட்டில் வையுங்கள். மீட்டிங் முடிந்து சீட்டுக்கு வருவதற்குள் லேப்டாப்பை லாக் செய்துவிடுகிறார்கள்.