வெள்ளைப் பொடியும் வெயிலும் போதுமா?

“பெயின்ட்டில் கலக்கும் டைட்டானியம் டையாக்ஸைடு பொடியைத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் ஹைட்ரஜன் எரிபொருள் கிடைக்கும், 1972-இல் ஜப்பானில் கண்டுபிடித்ததை எண்ணெய் கம்பெனிகள் மறைத்துவிட்டன” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. கண்டுபிடிப்பு நிஜம். மற்றதெல்லாம் கதை.

கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அதை மறைக்கவில்லை, ‘நேச்சர்’ அறிவியல் இதழிலேயே வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியதும் பொடி அல்ல. ரூட்டைல் என்னும் டைட்டானியம் டையாக்ஸைடு படிகத்தாலான மின்முனை ஒன்றை பிளாட்டின மின்முனையோடு கம்பியால் இணைத்திருந்தார்கள். ரூட்டைல் ஒரு குறைகடத்தி (semiconductor). ஒளி பட்டதும் அதில் ஒரு எலக்ட்ரான் விடுபட்டு, அதன் இடத்தில் ‘துளை’ எனப்படும் நேர்மின் காலியிடம் உண்டாகிறது; மேற்பரப்பில் உள்ள மின்புலம் இரண்டையும் பிரிக்கிறது. துளை அங்கேயே நீரிலிருந்து ஆக்சிஜனை வெளியேற்ற, எலக்ட்ரான் கம்பி வழியே பிளாட்டினத்துக்குப் போய் ஹைட்ரஜனை உண்டாக்குகிறது. வெறும் பொடியில் இரண்டும் பெரும்பாலும் அந்தத் துகளுக்குள்ளேயே மறுபடி சேர்ந்துவிடும்.

சரி, மின்முனையே வைத்துக்கொண்டால்? ரூட்டைலின் ஆற்றல் இடைவெளி, அதாவது அப்படி எலக்ட்ரானை விடுவிக்க ஒளியிடம் இருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 3 எலக்ட்ரான்வோல்ட். புற ஊதாக் கதிர்தான் அதற்கு வேலைக்கு ஆகும். வெயிலில் அதன் பங்கு சுமார் 5 சதவீதம். (பொடி வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் இதுதான், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது உறிஞ்சுவதே இல்லை.)

காட்மியம் சல்ஃபைடு என்னும் இன்னொரு குறைகடத்தி கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் உறிஞ்சும். ஆனால் அதில் துளைகள் தண்ணீரை விட்டுவிட்டு சல்ஃபைடையே அரிக்கின்றன; நச்சுக் காட்மியம் நீரில் கரையும். 1998-இல் அமெரிக்காவில் கசெலெவ், டர்னர் என்ற ஆய்வாளர்கள் காலியம் சேர்மங்களை அடுக்கி, ஒளி ஆற்றலை ஹைட்ரஜனாக மாற்றுவதில் 12.4 சதவீதத் திறனை எட்டினார்கள். அங்கும் மேற்பரப்பு அரிமானம்தான் தலைவலி.